தாம்பூலப் பையில் மெக்னீசியம்

எனக்கு மெக்னீசியம் என்றால் ரிப்பன்தான். பெண்கள் பள்ளி ஒன்றில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி ரிட்டயர் ஆனவள் நான். ஒவ்வொரு வருஷமும் லேபில் முதல் நாள் இடுக்கியில் ஒரு துண்டு மெக்னீசியம் ரிப்பனைப் பிடித்துக் கொளுத்துவேன். "நேரே பார்க்காதீங்கடி, கண்ணு கூசும்" என்று கத்துவேன். ஒருத்தி விடாமல் எல்லோரும் பார்ப்பார்கள். வெள்ளைவெளேரென்று ஒரு வெளிச்சம், அப்புறம் ஒரு சிட்டிகை சாம்பல். அதோடு அந்த உலோகத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அது மாத்திரையாகி, பாட்டிலில் அடைபட்டு, மயிலாப்பூரில் என் மன்னியின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்து, என்னை இந்த வயதில் மாட வீதியில் ஓட வைக்கும் என்று யார் கண்டது?

மன்னி என் அண்ணாவின் மனைவி. அண்ணா தவறிப்போனபோது, காரியங்களுக்காக அடையாறிலிருந்து ஒரு பையில் நாலு புடவையோடு வந்தேன். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மன்னி வாசல்வரை வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன், திரும்பிப் பார்த்தேன், செருப்பைக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து மன்னியோடுதான் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகாததில் வருத்தமும் இல்லை. அடையாறு ஃப்ளாட்டில் எனக்காகக் காத்திருந்தவை இரண்டு துளசிச் செடியும் ஒரு கறிவேப்பிலையும். அவற்றை ஒருநாள் ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

இருவரும் ஒரே அறையில்தான் படுப்போம். மன்னி இரட்டைக் கட்டிலில், எப்போதும் படுக்கும் அவள் பக்கத்தில். நான் ஜன்னலோரம் ஒரு மடக்குக் கட்டிலில். வந்த கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மன்னி தூங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். பிறகு நடுராத்திரி தாண்டி ஒரு நேரத்தில் எழுந்து, கட்டிலின் மறுபக்கம் போய், கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வாள். விளக்குப் போட மாட்டாள். ஒரு கையைப் படுக்கை விரிப்பின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். ஏதோ சுலோகம் சொல்கிறாள் என்று நினைத்து நான் வாயைத் திறக்காமல் படுத்திருப்பேன்.

தூங்காதவளுக்கு மயிலாப்பூரில் வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பாலில் ஜாதிக்காய் அரைத்துக் குடி என்றார்கள். கசகசா என்றார்கள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள் ஒருத்தி. மன்னி தடவிக்கொண்டு குளியலறையில் வழுக்கி விழப் பார்த்தாள். டாக்டர் ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை ஒருநாள் போட்டுக்கொண்டாள். மறுநாள் முழுக்க சிலை மாதிரி நின்றாள், ரசம் அடிப்பிடித்தது.

"அது தூக்கம் இல்லடி. யாரோ மண்டையில தட்டிப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு" என்று மீதி மாத்திரையைக் குப்பையில் போட்டாள்.

கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியது. பேச்சு பாதியில் நின்றுவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு நின்றோம் என்று யோசிப்பாள். ஒருநாள் தெற்கு மாட வீதியில் கீரை வாங்கப் போனவள், வீட்டுக்கு வரும் வழி ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. அண்ணாவுக்குப் பின்னால் இவளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். எனக்கு உலகத்தில் மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான்.

அண்ணாவின் வருஷாப்திகத்துக்கு அமெரிக்காவிலிருந்து மன்னியின் மகன் வந்தான். பாதாம், சாக்லேட் இவற்றோடு ஊறுகாய் ஜாடி அளவுக்கு இரண்டு பாட்டில்களையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தான்.

"மெக்னீசியம்மா. அங்க எல்லாரும் தூக்கத்துக்கு இதைத்தான் சாப்பிடறா. மருந்தே இல்லை, தாது உப்பு. முழுக்க நேச்சுரல்."

இந்த 'நேச்சுரல்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஊமத்தங்காய்கூடத்தான் நேச்சுரல், அரைத்துக் குடிக்கிறாயா என்று கேட்டேன். பையன் சின்ன வயதிலிருந்தே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பழகியவன், "அத்தை ஆரம்பிச்சுட்டா" என்று சிரித்தான். ஆனால் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தபோது பெரிதாகக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மெக்னீசியம் உடம்புக்கு வேண்டிய பொருள்தான். நரம்புக்கும் தசைக்கும் அது வேண்டும். உணவில் போதாதவர்களுக்கு இதனால் தூக்கம் கொஞ்சம் சுகப்படலாம், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. மன்னியின் ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேட்டேன். பார்த்துவிட்டு, இவருக்குக் கொடுக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போட்டுக்கோங்கோ மன்னி" என்றேன். டாக்டர் தாளில் எதைப் பார்த்தார், ஏன் பார்த்தார் என்று மன்னி கேட்கவில்லை, நானும் பாடம் நடத்தவில்லை.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் நான் எழுந்து, வாசலில் பையில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுத்து, டிகாஷன் இறக்கி, பேப்பரையும் படித்து முடித்துவிட்டேன். மன்னி எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் உள்ளே ஓடினேன். ஒருக்களித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். வந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எழுந்து வந்தவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணமான புதிதில் மாமியாரிடம் மாட்டிக்கொண்டவள் போல வெட்கப்பட்டாள்.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. வேலைக்காரப் பெண்ணோடு சண்டை போட ஆரம்பித்தாள். என் சமையலில் உப்பு போதவில்லை என்றாள். மன்னி என்னைத் திட்டுவது அவ்வளவு ஆனந்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இது கொஞ்ச காலம்தான். நவராத்திரி நெருங்கியபோது மறுபடியும் அந்த நேரத்துக்கு எழுந்து, கட்டிலின் கால்மாட்டில் போய் உட்காரத் தொடங்கினாள். மாத்திரையை விடாமல்தான் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் புரியவில்லை. பாட்டிலை எடுத்து எக்ஸ்பயரி தேதியைப் பார்த்தேன். வெயிலில் வைத்தாளோ, ஈரம் பட்டதோ என்று ஒன்றை உடைத்துக்கூடப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. என்ன மன்னி, என்ன ஆச்சு என்றால், "ஒண்ணுமில்லையே" என்பாள்.

சரி, கொலு வைத்தால் மனசு மாறும் என்று நினைத்தேன். போன வருஷம் துக்கம், கொலு கிடையாது. இந்த வருஷமும் வேண்டாம் என்றாள். பொம்மைகளுக்கு மூச்சு முட்டும், பெட்டியைத் திறங்கோ என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாண்டி பஜாருக்குப் போய் தாம்பூலப் பைகளும், வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களும் வாங்கி வந்தோம். படி கட்டி, செட்டியார், செட்டிச்சி பொம்மைகளைத் துடைத்து வைக்கும்போது மன்னி முகத்தில் கொஞ்சம் களை வந்தது. ஆனால் விருந்தாளிகள் வரும் நேரம் ஆனதும் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"குங்குமம், வெத்தலை பாக்கெல்லாம் நீ குடு. நான் உள்ள இருந்து பை போட்டுத் தரேன்."

"ஏன், உங்க கைக்கு என்ன?" என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. புருஷன் போனவள் கையால் வெற்றிலை பாக்கு வாங்கினால் யாருடைய குடி முழுகிவிடும்? கல்யாணமே ஆகாத என் கை மட்டும் எப்படி மங்களமான கை ஆயிற்று? இதையெல்லாம் நான் சத்தமாகவே கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைடி. எனக்குத்தான் மனசு வரலை" என்றாள் மன்னி.

ஆகவே அப்படியே நடந்தது. உள்ளே அவள் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், கிண்ணம், சுண்டல் பொட்டலம் எல்லாவற்றையும் பையில் போட்டு சமையலறை நிலைவரை நீட்டுவாள். நான் வாங்கி, வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுத்து, பையைக் கொடுப்பேன். பைக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தாம்பூலப் பையில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது?

மறுநாள் காலை கீழ் ஃப்ளாட் மாமி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். உபரி பட்டன் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரி. உள்ளே ஒரே ஒரு வெள்ளை மாத்திரை.

"தாம்பூலத்துல இருந்துது. இதைச் சாப்பிடறதா, ஸ்வாமிகிட்ட வைக்கறதா? எங்காத்து மாமா பிரசாதம்னு சொல்லி ஒண்ணை வாயில போட்டுண்டுட்டார்."

கேட்டதும் சமையலறைக்குள் போனேன். மன்னி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அன்றைய பைகளுக்காகப் பக்கத்தில் கவர்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. பாட்டில் பாதி காலி.

"என்ன மன்னி இது?"

"தூக்கம் வரதுக்குத்தாண்டி. எல்லாரும் தூக்கம் இல்லை, கால் வலின்னு புலம்பறா. நம்மாத்துல இவ்வளவு இருக்கு. உடம்புக்கு நல்லதுதானே, நேச்சுரல்தானேன்னு..."

அந்த வார்த்தை! நான் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். "இது சுண்டலா மன்னி, ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்க? யாருக்கு என்ன உடம்பு, யார் வேற என்ன மாத்திரை சாப்பிடறான்னு உங்களுக்குத் தெரியுமா? கிட்னி சரியில்லாதவா சாப்பிட்டா இது வெளியில போகாம உள்ளேயே தங்கிடும். அதிகமானா இதயத்துல கொண்டுபோய் விட்டுடும். அதுக்குத்தானே உங்க ரிப்போர்ட்டை எடுத்துண்டு நான் டாக்டர்கிட்ட ஓடினேன்!"

மன்னி தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள்.

"கிட்னியா?" என்றாள். "டெய்லர் மாஸ்டருக்குக் கிட்னிதானே?"

எங்கள் ரவிக்கைகளை வெகுகாலமாகத் தைத்துக் கொடுக்கும் மாஸ்டர் அவர். கச்சேரி ரோட்டைத் தாண்டி ஒரு சந்தில் கடை, அதன் பின்னாலேயே வீடு. அவர் மனைவி ஒவ்வொரு நவராத்திரிக்கும் சுண்டல் வாங்க வருவாள். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குப் பழம் வரும். மாஸ்டருக்குச் சமீபத்தில் சிறுநீரகம் கெட்டு, தண்ணீரைக்கூட அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் அவள் சமையலறை வாசலில் நின்று மன்னியிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன்.

"மத்தவாளுக்கு ரெண்டு ரெண்டுதான் போட்டேன். ராத்திரியெல்லாம் அவருக்குக் கால் இழுக்கறதுன்னு அழுதாளேன்னு அவளுக்கு ஒரு கைப்பிடி போட்டுட்டேன். தினம் குடுன்னு சொன்னேன்" என்றாள் மன்னி.

போன் செய்தோம். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. கீழ் ஃப்ளாட் மாமியிடம் மற்ற வீடுகளுக்கெல்லாம் போன் பண்ணி அந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லும் வேலையைக் கொடுத்தேன். அவளுக்கு அது பிடித்தமான வேலை. நான் படியிறங்கினேன். மன்னியும் கட்டிய புடவையோடு பின்னாலேயே இறங்கி வந்தாள்.

மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடை. ஆட்டோ ஒரு அடி நகரவில்லை. "நடந்து போனா சீக்கிரம் போயிடலாம் மாமி" என்று ஆட்டோக்காரனே சொன்னான். களிமண் பிள்ளையார்களுக்கும் கிரிக்கெட் பொம்மை செட்டுகளுக்கும் நடுவில் புகுந்து, பஸ்ஸுக்கு ஒதுங்கி, இரண்டு கிழவிகளும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். வழியில் மன்னி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "என்னால இன்னொருத்தி புருஷன் போயிடக் கூடாதுடி." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திட்டியதற்கெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

கடையில் ஆள் இல்லை. வீட்டுக் கதவைத் தட்டினோம். மாஸ்டரின் மனைவி திறந்தாள்.

"இன்னா மாமி, ரெண்டு பேரும் இப்டி ஓடியாந்துகினு கீறீங்க? ப்ளவுஸ் இன்னும் ரெடியாவல."

"போன் எடுக்கலையே?"

"சார்ஜுல போட்டு வெச்சேன், சத்தமே கேக்கல. இன்னாச்சு?"

"நேத்து குடுத்த மாத்திரை... மாஸ்டர் சாப்பிட்டாரா?" நான்தான் கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குறீங்க டீச்சரம்மா. ராத்திரி ஒண்ணு எடுத்து நீட்டுனேன். டாக்டரு சொல்லாம ஏலக்காகூட வாயில போட மாட்டேன்னு ஒரே புடியா புடிச்சுக்கினாரு. மாமி குடுத்ததுன்னு சொன்னா, மாமி இன்னா டாக்டருக்கா படிச்சாங்கன்னு கேக்குறாரு." அலமாரியிலிருந்து கவரை அப்படியே எடுத்து நீட்டினாள். "கோச்சுக்காதீங்க மாமி."

மன்னி கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தையல் மிஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "மாஸ்டர் நன்னா இருக்கணும்" என்றாள். நான் விஷயத்தை விளக்கினேன். டாக்டர் பேச்சை மீறாத அந்த மனுஷனுக்குக் கும்பிடு போடலாம் போலிருந்தது.

டீ போடுகிறேன் என்று மாஸ்டரின் மனைவி திரும்பிய அதே நேரத்தில் உள்ளேயிருந்து "யா அல்லா!" என்று ஒரு அலறல்.

ஓடினோம். மாஸ்டர் கட்டிலில் குறுகிக் கிடந்தார். வலது காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் சதை கல் மாதிரி உருண்டு நின்றது.

"இதாம்மா, இப்டித்தான் இஸ்துக்குது. ராத்திரியெல்லாம் இதே ரோதன" என்று மனைவி தைல பாட்டிலைத் திறந்து, உருண்ட சதையைப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினாள். அவர் இன்னும் அலறினார்.

"தேய்க்காதே. தைலமெல்லாம் வேண்டாம். கொஞ்சம் நகரு" என்றாள் மன்னி.

அவள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மாஸ்டரின் குதிகாலை ஒரு கையில் ஏந்தினாள். மறு உள்ளங்கையைப் பாதத்தில் வைத்து, விரல்கள் முழங்காலைப் பார்க்கும்படி மெதுவாக மேலே தள்ளிப் பிடித்தாள். அவசரமே இல்லை. "விட்டுடும். இதோ விட்டுடும். மூச்சை விடுங்கோ" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கல் இளகி, சதை சதையானது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். யார் கையில் தன் கால் இருக்கிறது என்று தெரிந்ததும் பதறி இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"மாமி, நீங்க போய் என் காலை..."

"சும்மா இருங்கோ. உடனே விட்டா மறுபடியும் பிடிச்சுக்கும்."

முந்தின நாள் ஒரு வெற்றிலை பாக்குக் கொடுக்க மனசு வராமல் சமையலறையில் ஒளிந்துகொண்டவள் இவள்தான். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் அந்த ஓரம், அந்தக் குனிவு, அந்தக் கை. ஒவ்வொரு ராத்திரியும் எங்கள் வீட்டில் காலியான படுக்கையின் கால்மாட்டில் அவள் அப்படித்தான் உட்காருகிறாள். சுலோகம் சொல்லவில்லை அவள்.

பிறகு மாஸ்டரின் மனைவியைக் கட்டிலில் உட்கார வைத்து, அவள் காலிலேயே எப்படிப் பிடிப்பது என்று மன்னி சொல்லிக் கொடுத்தாள். இப்படிக் கால் இழுப்பதையும் கிட்னி டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னேன். டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. கோயில் குளத்துச் சுவரோரம் நிழலில் நின்று ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். மன்னி தானாகவே பேசினாள்.

"உங்கண்ணாவுக்கு வருஷக் கணக்கா கால் இப்படித்தான் இழுக்கும். தினம் ராத்திரி. நான்தான் பிடிச்சு விடுவேன். போன வாரம் பையன் போன்ல சொல்றான், 'இந்த மெக்னீசியம் கால் இழுக்கறதுக்கும் நல்லதாம்மா. அப்பா இருந்தப்பவே வாங்கியிருக்கலாம், தோணாம போச்சு'ன்னு. அவன் பாட்டுக்குச் சொல்லிட்டு வெச்சுட்டான்." சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே. சொல்லு. ஒரு மாத்திரையில போயிருக்குமாடி? அத்தனை வருஷ வலி?"

ஆகவேதான் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். அண்ணாவுக்குக் கொடுக்காததை.

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "சிலருக்குக் கேட்கும். நிறைய பேருக்குக் கேட்காது. அண்ணாவுக்குக் கேட்டிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது மன்னி" என்றேன். "கேட்டிருந்தா நீங்க ராத்திரி ராத்திரி எழுந்திருந்திருக்க வேண்டாம். நிம்மதியாத் தூங்கியிருப்பேள்."

மன்னி பாட்டிலில் மிச்சமிருந்த சோடாவைக் குடித்து முடித்தாள்.

"தூங்கி என்ன பண்ணியிருப்பேன்?" என்றாள். "பகல் பூரா வாயைத் திறக்காத மனுஷன். உனக்குத் தெரியாதா? கால் விட்டதும் கொஞ்ச நேரம் பேசுவார். அப்போதான் பேசுவார். ஆபீஸ்ல நடந்தது, சின்ன வயசுல நடந்தது, எல்லாம். உன்னைப் பத்திக்கூடப் பேசுவார். அடையாறுல தனியா இருக்கியே, ராத்திரி என்ன சாப்பிட்டியோன்னு."

என்னிடம் போனில் "சரி", "வெச்சுடறேன்" இரண்டைத் தவிர வேறு பேசாத அண்ணா. பன்னீர் சோடா கடைக்காரன் முன்னால், பட்டப்பகலில், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

மற்ற வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழ் ஃப்ளாட் மாமா தனக்கு இதுவரை வராத தூக்கம் வந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னும் ஒன்று கேட்டு வந்தவரை, ரிப்போர்ட் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். சரஸ்வதி பூஜை அன்று மாஸ்டரின் மனைவி தைத்த ரவிக்கைகளோடு வந்தாள். நான் நீட்டிய பையை வாங்காமல் நேரே சமையலறைக்குள் போனாள். "மாமி, நீங்க குடுங்க. இப்ப ராத்திரி நான்தான் அவருக்குப் புடிச்சி வுடறேன்" என்றாள். மன்னி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பையைக் கொடுத்தாள். நான் ஒன்றும் கவனிக்காதவள் போலக் கொலுப் படியில் விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தேன்.

பொம்மைகளையெல்லாம் பெட்டியில் வைத்து மூடிய அன்று ராத்திரி. மன்னி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள், தூங்கினாள், அந்த நேரம் வந்ததும் எழுந்தாள். கட்டிலைச் சுற்றிப் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கை படுக்கை விரிப்பின் மேல் போனது. நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"மன்னி" என்றேன்.

"தூங்கலையா நீ?"

"கால் இழுக்கறது மன்னி."

சட்டென்று எழுந்து வந்தாள். என் மடக்குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குதிகாலை ஏந்தி, பாதத்தை மேலே தள்ளிப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. "விட்டுடும், இதோ விட்டுடும்" என்றாள். ஒன்றும் பிடித்திருக்கவில்லை, என் கால் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, விட்டுடுத்து என்றேன். அவள் எழுந்து போகவில்லை. கையைக் காலிலிருந்து எடுக்கவும் இல்லை. பேசிக்கொண்டிருந்தோம். கறிவேப்பிலைச் செடி துளிர்த்திருப்பதைச் சொன்னாள். அடையாறு ஃப்ளாட்டை எத்தனை நாள் பூட்டியே வைத்திருப்பாய் என்று கேட்டாள். அண்ணா சின்ன வயதில் என் ஜியோமெட்ரி பாக்ஸைத் தொலைத்த கதையை நான் சொன்னேன். அதை அண்ணா அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான். இருவரும் இருட்டில் சிரித்தோம். அப்புறம் கொட்டாவி விட்டுக்கொண்டே தன் கட்டிலுக்குப் போனவள், விடியும்வரை அசையவில்லை.

மறுநாள் ராத்திரியும் எனக்குக் கால் இழுத்தது. அதற்கு மறுநாளும்.

ஒருநாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு மன்னி சொன்னாள். "உனக்குத்தான் கிட்னியெல்லாம் நன்னா இருக்கே. டாக்டரைக் கேட்டுட்டு நீயும் ராத்திரி ஒண்ணு போட்டுக்கோயேண்டி. கால் இழுக்காது."

"வேண்டாம் மன்னி, எனக்கு அது ஒத்துக்காது" என்றேன்.